கட்டண உச்சவரம்பு ரசீதில் எத்தனையாவது வரி வரைக்கும்? கல்லூரி தேடும் கொங்கு நாட்டுப் பெற்றோருக்கு ஓர் ஒப்பீடு

சிவகிரிப் பக்கத்திலிருந்து ஒரு மஞ்சள் விவசாயி போன வாரம் தொலைபேசியில் அழைத்தார். மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள், கட்-ஆஃப் 200க்கு 168. கணினி அறிவியல்தான் வேண்டும் என்கிறாள். தாத்தா காலத்திலிருந்து அந்த வீட்டில் பட்டம் வாங்கியவர் யாரும் இல்லை. அரசுக் கல்லூரியில் வேறு பிரிவு, கலந்தாய்வில் ஒரு சுயநிதிக் கல்லூரி, கோவைப் பக்கம் பெயர் பெற்ற கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீடு (கல்லூரியே நேரடியாக நிரப்பும் இடம்), பாதிக் கட்டணச் சலுகை தருவதாகச் சொல்லும் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம் (டீம்டு யுனிவர்சிட்டி) என்று நான்கு வழிகள் அவர் முன்னால் இருக்கின்றன. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "கட்டணத்தை இஷ்டத்துக்கு ஏற்றக் கூடாது என்று அரசாங்கமே உச்சவரம்பு போட்டிருக்கிறதாமே, அப்புறம் எங்கே சேர்த்தால் என்னங்க?"

சோமனூரில் விசைத்தறி வைத்திருக்கும் ஒருவரும், திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் ஒரு தாயும் சென்ற மாதம் ஏறக்குறைய இதையேதான் கேட்டார்கள். மூவருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

நான் ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியின் கணக்குப் பிரிவில் பதினோரு ஆண்டுகள் ரசீது போட்டவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உச்சவரம்பு உண்மையானதுதான், பொய்யில்லை. ஆனால் அது ரசீதில் ஒரு வரியை மட்டுமே பிடித்து நிறுத்துகிறது. மற்ற வரிகளின் மேல் அதற்குப் பிடியில்லை. கீழ்பவானி வாய்க்காலில் ஒரு மடையை அடைத்தால் தண்ணீர் அடங்கியா போகிறது? பக்கத்து வரப்பை உடைத்துக்கொண்டு போகிறது.

முதலில் எதை வைத்து அளப்பது

கல்லூரியின் பெயர், வேலைவாய்ப்புக் கதை, கட்டடத்தின் கண்ணாடி இவற்றையெல்லாம் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு ஒவ்வொரு வழிக்கும் ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும்.

கட்டணத்தை நிர்ணயிப்பது யார்: அரசா, கட்டண நிர்ணயக் குழுவா, கல்லூரியேவா? அந்த நிர்ணயம் ரசீதின் எந்தெந்த வரிகளுக்குப் பொருந்தும்? முதலாம் ஆண்டுத் தொகையை விட்டுவிட்டு நான்காண்டுக் கூட்டுத்தொகையைப் பார்த்தால் எவ்வளவு? வீட்டில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவருக்கு அரசு தரும் முதல் பட்டதாரிச் சலுகை, உதவித்தொகை போன்றவை அந்த வாசலில் செல்லுமா? ஐந்தாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகத் தெரிகிறது. கல்லூரி பணம் கேட்கும் மாதத்தில் நம் கையில் பணம் இருக்குமா?

மஞ்சள் விவசாயியின் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். வைகாசி, ஆனியில் விதை மஞ்சள், உழவு, எரு, ஆள் கூலி என்று இருப்பதெல்லாம் மண்ணுக்குள் போகிறது. உடனே ஆடியில் கல்லூரியின் முதல் தவணை வந்து நிற்கிறது. இரண்டாவது தவணை தையில் வருகிறது. அப்போது மஞ்சள் இன்னும் நிலத்துக்குள்தான் இருக்கும். வெட்டி, வேகவைத்து, காயப்போட்டு, பாலிஷ் போட்டு மண்டிக்குக் கொண்டுபோக மாசி, பங்குனி ஆகிவிடும். விலை ஏறட்டும் என்று கிடங்கில் போட்டு வைத்திருப்பவர், தவணைக்காக அவசரத்தில் குவிண்டாலுக்கு ஆயிரம் ரூபாய் குறைத்து இருபது குவிண்டால் விற்றால் 20,000 ரூபாய் நட்டம். அந்தத் தொகை எந்த ரசீதிலும் வராது, ஆனால் அதுவும் கல்விச் செலவுதான்.

திருப்பூர்த் தாய்க்கு வேறு கணக்கு. அவருக்கு வாரச் சம்பளம்; மொத்தமாகப் பணம் பார்ப்பது தீபாவளி போனஸில் மட்டுமே. ஆடியில் 40,000 கட்டச் சொன்னால் சீட்டைத் தள்ளி எடுக்க வேண்டும். தள்ளுபடி போக மீதிதான் கைக்கு வரும். தவணையை மூன்றாகப் பிரித்துக் கட்டவிடும் கல்லூரி, ஐயாயிரம் கூடுதலாகக் கேட்டாலும் அவருக்கு மலிவு.

உச்சவரம்பு வந்த கதை, சுருக்கமாக

நன்கொடை வாங்குவதைத் தடுக்கத் தமிழ்நாடு 1992இலேயே சட்டம் போட்டது. 1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கின் தீர்ப்பு, தனியார் தொழிற்கல்லூரி இடங்களைச் சலுகைக் கட்டண இடங்கள், முழுக் கட்டண இடங்கள் என்று பிரித்தது. 2002இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் பதினொரு நீதிபதிகள் அமர்வு, கட்டணம் வைக்கும் உரிமை கல்லூரிக்கு உண்டு, கொள்ளை லாபம் மட்டும் கூடாது என்றது. கொள்ளை எது, நியாயம் எது என்று பார்க்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் மாநிலந்தோறும் குழு வேண்டும் என்று 2003இல் வேறொரு தீர்ப்பு வந்தது. 2005இல் இனாம்தார் வழக்கிலும் குழுமுறை நிலைத்தது. கல்லூரி தன் வரவுசெலவைக் காட்ட வேண்டும், விரிவாக்கத்துக்கு ஓரளவு உபரியும் வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் கூடாது என்பதே ஏற்பாட்டின் சாரம்.

தமிழ்நாட்டுக் குழு 2017இல் பொறியியலுக்கு அறிவித்த ஆண்டுக் கட்டணம்: அரசு ஒதுக்கீட்டில் தேசிய அங்கீகார வாரியத்தின் (என்.பி.ஏ.) அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000 ரூபாய், பெறாததற்கு 50,000. நிர்வாக ஒதுக்கீட்டில் 87,000, 85,000. பல ஆண்டுகள் இந்த எண்களே ஓடின. நீங்கள் சேரும் ஆண்டின் எண்ணைக் கலந்தாய்வுக் கையேட்டில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். கீழே உள்ள கணக்குகளை இந்த எண்களை வைத்தே போட்டிருக்கிறேன்.

கல்லூரிக்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது என்பதை நான் மறைக்கப்போவதில்லை. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2022இல் வெளியிட்ட பரிந்துரையில் பொறியியலுக்குக் குறைந்தபட்ச ஆண்டுக் கட்டணமே 79,600 ரூபாய், அதிகபட்சம் 1,89,800. இங்கே 2017 எண்ணின்படி 55,000. விலைவாசி ஏற ஏறக் கட்டணம் அதே இடத்தில் நின்றால் ஆசிரியர் சம்பளத்தில் கைவைப்பார்கள், அல்லது வேறு வரியில் ஏற்றுவார்கள். நான் இருந்த இடத்தில் இரண்டையும் செய்தார்கள்.

அரசுக் கல்லூரியும், அரசு உதவி பெறும் பிரிவும்

விடுதி மெஸ்ஸைத் தவிர்த்துப் பார்த்தால், இங்கே மட்டும்தான் அரசின் பிடி ரசீதின் கடைசி வரிவரை எட்டுகிறது. கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி, சேலம் அரசுப் பொறியியல் கல்லூரி, முன்பு சாலைப் போக்குவரத்துத் தொழில்நுட்பக் கல்லூரியாக இருந்து பிறகு அரசுப் பொறியியல் கல்லூரியான சித்தோடு, இவற்றில் ஓர் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். கலை அறிவியல் என்றால் கோவை, சேலம் அரசுக் கலைக் கல்லூரிகள், திருப்பூர்ச் சிக்கண்ணா, உதவி பெறும் கோபி கலை அறிவியல் கல்லூரி போன்றவை. கட்டணம் கூடினாலும் நூறுகளில்தான் கூடும்.

அரசு ஆணை நினைத்தால் என்ன செய்யும் என்பதற்குப் பெருந்துறை மருத்துவக் கல்லூரியே சாட்சி. கல்லூரி அரசின் கைக்கு வந்த பிறகும் கட்டணம் சுயநிதி அளவில் லட்சங்களில் நின்றது. மாணவர்கள் போராடினார்கள். 2021 தொடக்கத்தில் மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளின் கட்டணமே இங்கும் என்று அரசு ஆணையிட்டது. லட்சங்கள் ஒரே தாளில் ஆயிரங்களாகிவிட்டன.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது, பலர் விழுவது இதில்தான். பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, கோவை தொழில்நுட்பக் கல்லூரி போன்ற உதவி பெறும் கல்லூரிகளில் எல்லாப் பிரிவும் உதவி பெறுபவை அல்ல. ஒரே வளாகத்தில், சில நேரம் ஒரே மாடியில், பக்கத்துப் பக்கத்து வகுப்புகளில் ஒன்று அரசு உதவிக் கட்டணத்திலும் மற்றது சுயநிதிக் கட்டணத்திலும் நடக்கும். கலந்தாய்வுப் பட்டியலில் பிரிவின் பெயருக்குப் பின்னால் "எஸ்.எஸ்." என்று இரண்டு எழுத்து இருந்தால் அது சுயநிதிப் பிரிவு. கலைக் கல்லூரிகளில் இதே விஷயம் "இரண்டாம் ஷிப்ட்" என்ற பெயரில் வரும். விருப்பப் பட்டியலைப் பூட்டுவதற்கு முன் அந்த இரண்டு எழுத்தைத் தேடுங்கள்.

மறைமுகச் செலவு என்று பார்த்தால், விரும்பிய பிரிவு கிடைக்காமல் போவதுதான். 168க்குக் கோவை அரசுக் கல்லூரியில் கணினி அறிவியல் கிடைக்காது. சித்தோட்டிலோ சேலத்திலோ அவள் கேட்காத ஒரு பிரிவுக்கு வாய்ப்பிருக்கும். கட்டணம் குறைவு என்பதற்காக நான்கு ஆண்டு பிடிக்காத பாடத்தோடு மல்லுக்கட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிரிவில் பிடிவாதம் இல்லாத பிள்ளைக்கும், பிறகு அரசுப் பணித் தேர்வு எழுதப் போகிற பிள்ளைக்கும் இதைவிட நல்ல வழி கிடையாது.

கலந்தாய்வில் சுயநிதிக் கல்லூரி

சிறுபான்மையல்லாத சுயநிதிக் கல்லூரிகளில் 65 விழுக்காடு இடங்கள் அரசு ஒதுக்கீடு. சிறுபான்மைக் கல்லூரிகளில் 50. உச்சவரம்பின் முழுப் பயனும் சலுகைகளும் இந்த இடங்களில்தான் கிடைக்கும்.

முதல் பட்டதாரி என்றால் ஆண்டுக்கு 25,000 ரூபாய் குறையும். அங்கீகாரம் பெற்ற பிரிவில் 55,000 போய் 30,000 ஆகிறது; நான்கு ஆண்டுக்கு 1,20,000. வட்டாட்சியர் அலுவலகச் சான்று வேண்டும், இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பட்டம் வாங்கியிருந்தால் தம்பி, தங்கைக்குக் கிடையாது. கலந்தாய்வு தொடங்கிய பிறகு சான்றுக்கு ஓடுகிறவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். மே மாதமே வாங்கி வைத்துவிடுங்கள்.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் இன்னும் பெரிய கதவு திறக்கிறது. 2021 சட்டப்படி தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. அதில் சேர்பவருக்குக் கல்விக் கட்டணம், விடுதிச் செலவு எல்லாம் அரசே ஏற்கிறது. நம் பக்கத்துப் பழக்கம் ஒன்று இங்கே வந்து கடிக்கிறது. பத்தாவதுவரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையை "பிளஸ் டூ மட்டும்" நாமக்கல் விடுதிப் பள்ளியில் சேர்ப்போம். இரண்டு ஆண்டுக்குக் கொட்டிய பணம் ஒருபுறம் இருக்க, அதோடு 7.5 விழுக்காட்டுத் தகுதியும் போய்விடும். சிவகிரிக்காரர் செய்ததும் அதுதான். நான் சொன்னபோது மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

இனி ரசீதுக்கு வருவோம். எங்கள் அலுவலகத்தில் ரசீது மூன்று தாளாக இருக்கும். வெள்ளை பெற்றோருக்கு, இளஞ்சிவப்பு அலுவலகத்துக்கு, பச்சை தணிக்கைக்கு. முதல் வரி கற்பிப்புக் கட்டணம். அதன் கீழே பேருந்து, விடுதி, தேர்வு, சீருடை, சங்கம், பயிற்சி, பிற. ஒரு ஆண்டு ஜூன் மாதம் மேலிடத்திலிருந்து வாய்மொழி உத்தரவு வந்தது: முதல் வரியைத் தொடாதே, "பிற"வைப் பார். "திறன் மேம்பாடு" என்று புதிதாக ஒரு வரியை நானே தட்டச்சு செய்தேன், 8,000 ரூபாய். முதல் நாளே கவுண்டரில் ஓர் அம்மா அந்த வரியில் விரலை வைத்து, "இது எதுக்குங்க சாமி?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. "எல்லாருக்கும்தான்மா" என்று மட்டும் சொன்னேன். அந்த ஆண்டு அந்தப் பயிற்சி நான்கு நாள் நடந்தது.

இந்த வரிகளில் இரண்டு சாதி உண்டு. ஆய்வகம், நூலகம், விளையாட்டு, இணையம் எல்லாம் கல்லூரி நடத்துவதன் பகுதிதான். அதற்குத் தனி வரி போட்டால் கேள்வி கேட்க இடமிருக்கிறது. ரசீதோடு கட்டண நிர்ணயக் குழுவுக்கு எழுதலாம். பேருந்தும் விடுதியும் அப்படியல்ல. விரும்பிப் பெறும் சேவை என்று சொல்லிவிடுவார்கள்.

கொங்கு நாட்டில் கனமான வரி பேருந்துதான். ஊர் ஊராக, தோட்டத்துச் சாலைவரை மஞ்சள் பேருந்து வந்து பிள்ளையை ஏற்றிப் போகிறதே, அது இலவசமா? கணக்குக்காக ஆண்டுக்கு 30,000 என்று வைத்துக்கொள்வோம். முதல் பட்டதாரிச் சலுகை போக நீங்கள் கட்டும் கற்பிப்புக் கட்டணமும் அதே 30,000! பேருந்துக் கட்டணத்தை ஆண்டுக்குப் பத்து விழுக்காடு ஏற்றினால் நான்கு ஆண்டில் 1,39,230 ஆகும். பாடம் சொல்லிக்கொடுக்க 1,20,000, கூட்டிக்கொண்டு போய்க் கொண்டுவந்து விட 1,39,000. முதல் தொகைக்கு அரசு காவல், இரண்டாவதற்குக் காவல் இல்லை. ஆகவே கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது அரசுப் பேருந்து நேராகப் போகிற தடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரிப் பேருந்து கட்டாயமா என்றும் கேளுங்கள். சில இடங்களில் வாயால் கட்டாயம் என்பார்கள், எழுத்தில் தரமாட்டார்கள்.

நிர்வாக ஒதுக்கீடு

இங்கேயும் உச்சவரம்பு உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. 87,000 என்றால் நான்காண்டுக்கு 3,48,000. முதல் பட்டதாரிச் சலுகை இந்த வாசலில் செல்லாது. கலந்தாய்வில் வந்த முதல் பட்டதாரியின் 1,20,000 ரூபாயோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் 2,28,000.

இவை ரசீதில் ஏறும் எண்கள். தேவை அதிகமுள்ள கல்லூரியில், தேவை அதிகமுள்ள பிரிவுக்கு, ரசீதில் ஏறாத எண் ஒன்றையும் கேட்பார்கள். அது சட்டப்படி குற்றம். ஆனால் கொடுத்தவரிடம் ரசீது இருக்காது, புகார் கொடுக்கவும் மாட்டார், ஏனென்றால் பிள்ளை அங்கேதான் படிக்கிறது. அந்தப் பணத்துக்கு வங்கிக் கடனும் கிடையாது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவருக்கும் வங்கிகள் கல்விக் கடன் தருவதுண்டு. அது அரசோ குழுவோ நிர்ணயித்த கட்டணம்வரை மட்டும். மிச்சத்துக்குத் தோட்டத்துப் பத்திரமோ நகையோதான் போகும்.

இதற்கு நேர் எதிரான காட்சியும் உண்டு. இடங்கள் காலியாகக் கிடக்கும் கல்லூரிகளில் உச்சவரம்பு என்பது சும்மா தலைக்கு மேலே இருக்கும் கூரை. நடப்பது அதற்கு வெகு கீழே, மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடிப்பது போன்ற பேரம். ஏப்ரல், மே மாதங்களில் ஆள் அனுப்பி, "கலந்தாய்வுக் கட்டணமே கொடுங்கள், நிர்வாக இடத்திலேயே போட்டுத் தருகிறோம், இப்போதே இடத்தைப் பிடித்துவிடுங்கள்" என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். 55,000க்கு ஒப்புக்கொண்டு சேர்ந்த முதல் பட்டதாரி ஆண்டுக்கு 25,000த்தை அந்த நிமிடமே கைகழுவுகிறார். பெரும்பாலும் அதே பிரிவு, அதே கல்லூரி, ஆகஸ்டில் கலந்தாய்விலேயே வந்திருக்கும்.

அப்படியானால் நிர்வாக ஒதுக்கீடு யாருக்குச் சரி? கட்-ஆஃப் குறைவு, பிரிவு உறுதி, கல்லூரி நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது, வீட்டில் ஏற்கெனவே பட்டதாரி இருப்பதால் இழக்கச் சலுகையும் இல்லை என்றால் சரி. பேருந்தும் விடுதியும் இல்லாத 3,48,000, தொலைவில் விடுதி போட்டுப் படிக்கும் கலந்தாய்வு இடத்தைவிட மலிவாகவே முடியலாம். உள்ளூர்ப் பட்டறை, பம்பு, நூற்பாலை வைத்திருப்பவர்கள் இப்படிக் கணக்குப் போட்டுச் சேர்ப்பதைப் பார்த்திருக்கிறேன். அதில் தவறில்லை.

நிகர்நிலைப் பல்கலைக்கழகம்

மாநிலக் கட்டணக் குழுவின் எண்கள் இந்த வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிடும். கட்டணத்தை நிறுவனமே வைக்கிறது. சேரும்போது கொடுக்கும் கையேட்டில் "ஆண்டுதோறும் மாற்றத்துக்கு உட்பட்டது" என்று ஒரு சிறிய வாக்கியம் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வாக்கியத்துக்கு விலை உண்டு. முதலாண்டு 2,50,000, பிறகு ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு ஏற்றம் என்று வைத்துக்கொண்டால் நான்காண்டில் 10,77,531. ஏற்றமே இல்லையென்றால் பத்து லட்சம். சிறிய வாக்கியத்தின் விலை 77,531.

சிவகிரிக்காரருக்குச் சொன்ன பாதிச் சலுகை கடைசிவரை இருந்தால் மொத்தம் 5,38,766. இப்படிச் சலுகை தரும் இடங்கள் பலவற்றில், குறிப்பிட்ட மதிப்பெண் சராசரி குறைந்தாலோ ஒரு பாடத்தில் தோற்றாலோ சலுகை நின்றுவிடும். முதலாண்டோடு நின்றால் மொத்தம் 9,52,531. அதாவது தமிழ்வழியிலோ சிற்றூர்ப் பள்ளியிலோ படித்துவிட்டு முதல் பருவத்தில் தடுமாறும் ஒரு பிள்ளையின் தலையில் நான்கு லட்சத்துக்கு மேல் தொங்குகிறது. நிபந்தனையை எழுத்தில் வாங்காமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.

நிதானமாகப் பார்த்தால் இவற்றிலும் நல்ல இடங்கள் இருக்கின்றன. எட்டிமடைப் பக்கமும் காருண்யா நகர்ப் பக்கமும் படித்து நன்றாக வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். சலுகையின் உச்சப்படி கிடைத்து, அதைத் தக்கவைக்கும் திறனும் உள்ள பிள்ளைக்கு இது பொருந்தும். இல்லையென்றால் கட்டண உயர்வைத் தாங்கும் குடும்பத்துக்குத்தான்.

இன்னொன்று. 2025 அக்டோபரில், இருக்கிற கல்லூரிகள் தனியார் பல்கலைக்கழகமாக மாற வழிசெய்யும் திருத்த மசோதா சட்டப்பேரவையில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியதும் மறு ஆய்வு செய்வதாக அரசு அறிவித்தது. உங்கள் கல்லூரி நாளை வேறு பலகை மாட்டினால், நடுவில் படிப்பவர்களின் கட்டணம் பழைய விதிப்படியா என்பதைச் சேரும்போதே கேட்டு வைப்பதில் கெட்டுப்போவது ஒன்றுமில்லை.

எல்லை தாண்டினால்

வாளையாறு தாண்டிப் பாலக்காடு, திம்பம் ஏறிக் கர்நாடகம் என்று ஈரோட்டிலும் சேலத்திலும் முகவர்கள் நோட்டீஸ் கொடுக்கிறார்கள். அங்கேயும் கட்டணக் குழுக்கள் உண்டு, ஆனால் குறைந்த கட்டண இடங்கள் பெரும்பாலும் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான். நம் முதல் பட்டதாரிச் சலுகை எல்லையிலேயே இறங்கிவிடும். முகவருக்குப் போகும் பணம் யார் பையிலிருந்து போகிறது என்று சொல்லத் தேவையில்லை. எனக்கு இதில் எழுத அதிகம் இல்லை.

ஒரே பார்வையில்

| | அரசு / உதவி பெறும் பிரிவு | கலந்தாய்வு, சுயநிதி | நிர்வாக ஒதுக்கீடு | நிகர்நிலை |
|---|---|---|---|---|
| நிர்ணயிப்பது | அரசு | கட்டணக் குழு | கட்டணக் குழு | நிறுவனமே |
| நான்காண்டுக் கற்பிப்புக் கட்டணம் | சில பத்தாயிரங்களுக்குள் | 2,20,000; முதல் பட்டதாரிக்கு 1,20,000 | 3,48,000 | மேலே போட்ட உதாரணத்தில் 5.4 முதல் 10.8 லட்சம் |
| நடுவில் ஏறும் வரி | மெஸ் | பேருந்து, விடுதி, "பிற" | அவற்றோடு ரசீதில்லாத் தொகை | எல்லாமே |
| முதல் பட்டதாரிச் சலுகை | உண்டு | உண்டு | இல்லை | இல்லை |
| இழக்கக்கூடியது | விரும்பிய பிரிவு | பயண நேரம் | சலுகை, சேமிப்பு | கட்டணச் சலுகை (மதிப்பெண் தவறினால்) |

(கணக்கு அங்கீகாரம் பெற்ற பிரிவுக்கு. அங்கீகாரம் பாடப்பிரிவுக்குத்தான் தருகிறார்கள், கல்லூரிக்கு அல்ல. ஆகவே ஒரே கல்லூரியில் இரண்டு பிரிவுக்கு இரண்டு கட்டணம் இருக்கலாம்.)

கடன் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான்கு லட்சம்வரை முன்பணமும் பிணையும் தேவையில்லை என்பது வங்கிகளின் பொதுத் திட்டம். படிப்பு முடிந்து ஓராண்டுவரை தவணை கட்ட வேண்டாம், ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஏறிக்கொண்டிருக்கும். கலந்தாய்வு இடம் என்றால் நான்காண்டுச் செலவின் பெரும்பகுதி அந்த நான்கு லட்சத்துக்குள் அடங்கிவிடும். நிகர்நிலையில் அடங்காது.

ஓர் இடத்தில் கட்டிவிட்டு வேறு நல்ல இடம் கிடைத்தால் பணம் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழுவும் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் அறிவிக்கும் தேதிக்குள் விலகினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கவும் கூடாது. மாற்றுச் சான்றிதழைக் கொடுக்காமல் இழுத்தடிப்பது எங்கள் அலுவலகத்திலும் நடந்ததுதான், சொல்ல வெட்கமாக இருக்கிறது. விதியின் நகலை எடுத்துக்கொண்டு வந்தவர்களுக்கு மட்டும் அன்றைக்கே கிடைத்தது.

சிவகிரிக்காரருக்கு நான் சொன்னது: கலந்தாய்வுவரை பொறுத்திருங்கள். அங்கீகாரம் பெற்ற கணினிப் பிரிவுகளில், ஈரோட்டிலிருந்து அரசுப் பேருந்து நேராகப் போகும் கல்லூரிகளை விருப்பப் பட்டியலின் மேலே போடுங்கள். அதற்குமுன் மூன்று கல்லூரிகளுக்கு நேரில் போய் ஒரு தாளில் ஆறு கேள்விகளை எழுதிக் கொடுத்துப் பதிலை எழுத்தில் கேளுங்கள். பேருந்து கட்டாயமா? சென்ற மூன்று ஆண்டுகளில் பேருந்தும் விடுதியும் எவ்வளவு ஏறின? தேர்வுக் கட்டணம் பாடத்துக்கு எவ்வளவு? "பிற" என்பதில் என்னென்ன? தவணையை மூன்றாகக் கட்டலாமா? மஞ்சள் விற்கும்வரை, பங்குனி முடியும்வரை, இரண்டாம் தவணைக்கு அபராதம் இல்லாமல் பொறுப்பார்களா?

நேற்று மதியம் முதல் கல்லூரியிலிருந்தே அழைத்தார். ஐந்து கேள்விக்குப் பதில் எழுதிவிட்டார்களாம், நான்காவதற்கு மட்டும் "பல்வகை" என்று ஒரே சொல். ஆறாவதைப் படித்துவிட்டுக் கவுண்டரில் இருந்த பையன் சிரித்தானாம், பிறகு தாளோடு உள்ளே போயிருக்கிறான். "இன்னும் வெளியே வரவில்லைங்க, உட்கார்ந்திருக்கிறேன்" என்றார்.